பாக்கெட் தண்ணியும் கொண்டைக்கடலையும்

முருகன் அருளால் நம்ம கோயில் தைப்பூசம் நல்லபடியாக முடிந்தது. அன்னதானக் கூடாரத்தில் ராத்திரி பகலாக நின்ற தொண்டூழியர்கள் எல்லாருக்கும் நன்றி. இது கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு நிதானமா படிங்க.

போன வருஷத் தைப்பூசத்தில் என் மகனுக்கு மொட்டை போட்டோம். அப்போ அவனுக்கு 10 வயசு. மொட்டையில் சந்தனம் பூசும்போது, அன்னதானத்துக்குக் காய் நறுக்க வரும் ஒரு அக்கா அவன் பிடரியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. ரிட்டையர் ஆன மிஸ்ஸி அவங்க. பிடரி கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தது. எனக்கு அது புதுசு இல்லை. ஒரு வருஷமா கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். "ஒழுங்கா குளிக்க மாட்டியா"ன்னு திட்டியிருக்கேன். ஒரு தடவை அடிச்சும் இருக்கேன்.

அக்கா என்னைத் தனியா கூப்பிட்டு, "தேய்க்காதம்மா, அது அழுக்கு இல்ல. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாட்டி சில பிள்ளைங்களுக்குத் தோல் இப்படிக் கறுக்கும். ரத்தம் எடுத்துப் பாரு"ன்னாங்க.

எடுத்தோம். சீனி அளவு எல்லைக்கோட்டில் நிற்குதுன்னாங்க. டாக்டர் மருந்து எதுவும் தரவில்லை. சாப்பாட்டை மாத்துங்க, தினமும் ஓடி விளையாட விடுங்க, மறுபடி வந்து ரத்தம் கொடுங்கன்னு அனுப்பிட்டார். கார்ல உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். என் மாமனார் இனிப்பு நீரால் ஒரு காலை இழந்தவர். கடைசிக் காலத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவரைக் கூட்டிக்கிட்டுப் போனது நான்தான். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்ம இந்தியர்கள்தான் முதலிடம். இதெல்லாம் தெரிந்த நான், அறிகுறியை என் பிள்ளை கழுத்தில் பார்த்துட்டு சோப்பு போட்டுத் தேய்ச்சிருக்கேன்.

வீட்டில் மெகி, மைலோ, நகெட் எல்லாத்தையும் குறைச்சேன். அது வேற கதை, எல்லா அம்மாவுக்கும் தெரிந்த சண்டைதான். எனக்கு உறைச்சது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நம்ம சமய வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பது நாலு வருஷமா என் பொறுப்பு. அன்னிக்கும் வழக்கம்போல ஆளுக்கு நாலு சைவ நகெட், ஒரு பாக்கெட் தண்ணி. கேட்கும் பிள்ளைக்கு இன்னொரு பாக்கெட். என் மகன் என்னைப் பார்த்துக்கிட்டே ரெண்டாவது பாக்கெட்டை எடுத்தான். கொடுத்ததே நான்தானே, என்ன சொல்றது?

அந்தப் பெட்டியைத் திருப்பி முதல் தடவையா படிச்சேன். 100 மில்லிக்கு 4.9 கிராம் சீனி. 5 கிராமுக்கு மேல போனா கலால் வரி, 2019 ஜூலையிலிருந்து அந்தச் சட்டம் இருக்கு. வரிக்கு ஒரு மயிரிழை கீழே நிற்குது. 250 மில்லி குடிச்சா 12 கிராம், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. ரெண்டு பாக்கெட்னா ஆறு. ஒரு கிளாஸ் தேநீரில் ஆறு கரண்டி சீனி போட்டு எந்த அம்மாவாவது பிள்ளைக்குக் கொடுப்பாங்களா?

சைவ நகெட், சைவ மட்டன் பற்றியும் சொல்லணும். புரட்டாசி வந்தா நம்ம வீட்டு ஐஸ்பெட்டி முழுக்க இதுதான். சைவம்தானே, நல்லதுதானேன்னு நானும் நினைச்சேன். பாக்கெட்டில் பொருள்களை எடை வரிசையில்தான் அச்சிடணும், எது அதிகமோ அது முதலில். எடுத்துப் பாருங்க: சோயா புரதம், கோதுமைப் புரதம், எண்ணெய், மாவு, உப்பு, சுவையூட்டி. அதுல காய்னு ஒண்ணு எனக்கு அகப்படவே இல்லை. எப்பவாவது சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா கோயில்ல கொடுத்ததுன்னா பிள்ளை அது நல்ல சாப்பாடுன்னு கத்துக்குது. அதுதான் என்னைத் தூங்க விடலை.

பழைய காலமே பொற்காலம்னு நான் சொல்ல வரலை. என் பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவங்க. சோறு, பருப்பு, கருவாடு, கெட்டிப் பால் ஊத்தின தேத்தண்ணி. அதுலயும் சீனிதான். ஆனா விடியுமுன்ன எழுந்து பால்மரம் வெட்டின உடம்பு அது. லயத்துக்குப் பின்னாடி முருங்கையும் கங்கோங்கும் இருந்தது.

நிர்வாகத்தில் கேட்டு, தின்பண்டத்தை மாத்தினேன். கறுப்புக் கொண்டைக்கடலை சுண்டல், வாழைப்பழம், வெறும் தண்ணீர். முதல் வாரம் சுண்டல் பாதிக்கு மேல குப்பையில். 34 பிள்ளைகள் வந்த வகுப்பு மூணாவது வாரம் 26 ஆச்சு. "அக்கா, நகெட் இல்லாட்டி பசங்க வரமாட்டாங்க, தேவாரத்துக்கா வராங்க?"ன்னு ஒரு தங்கச்சி நேராவே கேட்டாங்க. அவங்க சொன்னதில் உண்மை இருக்கு. நானே அப்படித்தானே இழுத்து வெச்சிருந்தேன்.

அதோட ஒரு பெரிய தப்பும் செஞ்சேன். ஒரு பாட்டி, பேரன் பிறந்தநாள்னு ரெண்டு பெட்டி பாக்கெட் தண்ணியும் கெரோப்போக்கும் உபயமா கொண்டு வந்தாங்க. பஸ் ஏறி, தூக்க முடியாம தூக்கிட்டு வந்திருக்காங்க. நான் எல்லார் முன்னாடியும், "இதெல்லாம் இப்ப வாங்கறதில்லம்மா"ன்னுட்டேன். பாட்டி ஒண்ணும் பேசலை. பெட்டியைத் தூண் ஓரமா வெச்சிட்டு, சாமி கும்பிடாமலே போயிட்டாங்க. அன்புல கொண்டு வந்ததைத் திருப்பி அனுப்ப நான் யாரு? அந்த வாரமே அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தண்ணியைத் தைப்பூசப் பந்தலுக்கு எடுத்து வைக்கலாம்னு அவங்களே வழி சொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் பிள்ளைகளை வேலையில் சேர்த்தேன். சுண்டலுக்குத் தேங்காய் துருவுறது, கறிவேப்பிலை உருவுறது, பழம் நறுக்குறது எல்லாம் அவங்க. தாளிக்கிறது மட்டும் நான். தானே துருவின தேங்காயைப் பிள்ளை குப்பையில் போடறதில்லை, இதைக் கண்ணால பார்த்தேன். ஒரு புதுச் சுவை பிள்ளை நாக்குக்குப் பழக பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும்னு மிஸ்ஸி அக்கா சொன்னாங்க. நாம மூணாவது தடவையே "இவனுக்குப் பிடிக்காது"ன்னு முத்திரை குத்திடுறோம். எங்களுக்கு ஏழெட்டு வாரம் ஆச்சு. இப்போ 31 பேர் வராங்க. போகாத மூணு பேரை இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். (சர்க்கரைப் பொங்கலை நிறுத்தப் போறீங்களான்னு கேட்காதீங்க. அது முருகனுக்கு. நமக்கு ஒரு கரண்டி போதும்.)

என் மகன்? கூட்டாளி வீட்டுக்குப் போனா மெகிதான், எனக்குத் தெரியும். பிடரி கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கு, என் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரியுதோ என்னவோ. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்கிறோம். ஒரு வார்த்தை வேண்டிக்குங்க. அவனைத் தேய்ச்சதுக்கும் அடிச்சதுக்கும் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். "பரவால்லம்மா, எலுமிச்சைதான் எரிஞ்சது"ன்னான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை பாசிப்பயறு சுண்டல், அந்தப் பாட்டியின் உபயம். பயறு ஊறப்போட சனிக்கிழமை ராத்திரி பூஜை முடிந்ததும் ரெண்டு பேர் தேவை. தேங்காய்த் துருவி இருக்கிறவங்க தயவுசெய்து கொண்டு வாங்க, கோயிலில் ஒண்ணுதான் இருக்கு, பிள்ளைங்க அதுக்கு அடிச்சுக்கிறாங்க. பிறந்தநாள் உபயம் செய்ய விரும்புறவங்க பழமோ பயறோ தேங்காயோ கொடுக்கலாம். வேற எதைக் கொண்டு வந்தாலும் முதல்ல என்கிட்ட தனியா பேசுங்க, நான் முகம் சுளிக்க மாட்டேன்.

முருகா சரணம்.