கோப்பையும் கையளவும்

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள் எனும் ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகிறோம். 'முத்து' என்பது இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவு. சென்ற மாதம் குன்னூரில் உறவினர் இல்லத்தில் பால் கலவாத தேநீர் தந்தார்கள். கல்லூரியில் பயிலும் அவ்வீட்டுப் பிள்ளை, "மாமா, இந்தக் கோப்பைக்குப் பின்னால் 27 லிட்டர் நீர் இருக்கிறது" என்றார். நாம் நகைத்தோம், அவர் நகைக்கவில்லை.

நெதர்லாந்து அறிஞர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002இல் வகுத்த 'நீர்த்தடம்' எனும் கணக்கு அது. செடி உண்ட மழையும் அதில் சேரும். 250 மில்லி லிட்டர் கோப்பைக்கு உலகச் சராசரி 27 லிட்டர்.

ஆயினும் நீலகிரியில் அதில் பெரும்பகுதி வானம் தானே பொழிவது. எண் பெரிதாயின் தீங்கும் பெரிதெனக் கொள்ளலாகாது. அவ்வெண்ணில் அடங்காதவை வேறு உள: தேயிலைக்கு இடம் தந்து மறைந்த சோலைகள், புல்வெளிகள். ஒரு கிலோ தூளுக்கு 4 முதல் 5 கிலோ பசுந்தேயிலை வேண்டும். அதன் ஈரம் போக்க ஆலைகளில் விறகு எரிகிறது.

பிள்ளை அடுப்பையும் சுட்டினார். பாலில்லாத் தேநீரின் கரிக்கணக்கில் வீட்டில் நீர் கொதிக்கவைப்பதே பெரும்பங்காம். அருந்தியவர் இருவர், கொதித்ததோ ஐவருக்கான நீர். உபசரிப்பின் ஆவலால் நேர்ந்ததைக் குறைகூற நா எழவில்லை. எம் இல்லத்திலும் அவ்வாறே.

ஊர் திரும்பியபின் நாமே குவளையால் அளந்து நீரை அடுப்பிலேற்றுகிறோம். விருந்தினர் வரும் நாளில் மட்டும் எம் வீட்டார் அக்குவளையை ஒளித்து விடுகிறார்கள்.