‘டுடே இட்செல்ஃப்’ தப்பா பாஸ்?

மயிலாப்பூர் லஸ் கார்னர் பிளாட்பாரத்தில் பழைய ‘ரென் அண்ட் மார்ட்டின்’ வாங்கினவரா நீங்க? 1930-களில் வந்த இலக்கணப் புத்தகம். மனப்பாடம் பண்ணியும் பேச்சு வரலையா? அந்தப் புத்தகத்துக்குத் தமிழ் தெரியாது பாஸ், அதான் சிக்கல்!

‘இன்னிக்கே’யில் வர்ற ‘ஏ’தான் நம்ம வாயில் ‘இட்செல்ஃப்’ ஆகுது. ‘இங்கதான்’ல இருக்கிற ‘தான்’, ‘ஒன்லி’ ஆகுது. இங்கிலீஷ்காரர் வார்த்தை சேர்க்க மாட்டார். ‘டுடே’யைக் குரலில் அழுத்துவார், அவ்வளவுதான்.

அடையாறில் நான் படித்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், ‘டுடே இட்செல்ஃப்’ சொன்ன பெண்ணைப் பார்த்து மொத்த வகுப்பும் சிரித்தது. தமிழ் மீடியம், கணக்கில் புலி. அடுத்த வாரம் இன்டர்வியூ. மறுநாளிலிருந்து அவள் வரவேயில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் தினமும் சொல்வதும் அதேதான்!

அடுத்து ‘லூஸ்’. (நம்ம ஊர் ‘லூஸு’ இல்லீங்க!) தொலைப்பதற்கு ஒரு ‘ஓ’, தொளதொள பேன்ட்டுக்கு ரெண்டு ‘ஓ’. உச்சரிப்பும் வேற. தொண்டையில் விரல் வெச்சுச் சொல்லிப் பாருங்க. தொலைக்கிற ‘லூஸ்’ முடியும்போது தொண்டை அதிரணும். பேன்ட் ‘லூஸ்’ முடியும்போது அதிரக் கூடாது. தமிழில் அந்த அதிர்கிற ‘ஸ்’ கிடையாது. அதான் நம்ம காதுக்கு ரெண்டும் ஒண்ணு. லஸ்ஸில் பஸ் ஏறினா அடையாறு போறதுக்குள்ள பழகிடும். பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்த்தா கண்டுக்காதீங்க!