ஐந்தரைப் பாகம்

கடியப்பட்டணம், இனயம், குளச்சல் பக்கத்துப் பாறைகளில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களுக்கு ஸ்கூபா சொல்லிக்கொடுப்பது, நீச்சலே தெரியாத நகரத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். இடுப்பில் வலைப்பை, கையில் இரும்பு உளி, நெஞ்சில் ஒரு மூச்சு. இவ்வளவோடு அடியில் கிடந்து பாறையைச் சுரண்டிவிட்டு வருவார்கள். மூச்சடக்கத் தெரிவதுதான் அவர்கள் தொழிலின் முதல். ஸ்கூபாவின் முதல் விதியோ அதற்கு நேர் எதிரானது: தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் மூச்சைப் பிடிக்காதே.

"மூச்ச விட்டா எப்பிடி மக்கா அடியில கெடக்க?" என்று ஒரு மாமா கேட்டார். அவருடைய அனுபவத்தில் அது நியாயமான கேள்வி. மேலே மூச்சை நிரப்பிக்கொண்டு இறங்கினால் நுரையீரல் ஆழத்தில் சுருங்கும், ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதைத் தாண்டாது. டேங்க் கட்டியவர் கதை வேறு. அவர் காற்றை இழுப்பது ஆழத்தில், அந்த ஆழத்தின் அழுத்தத்தில். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து, குமிழி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போனால் ஆள் படகில் ஏறும் முன்பே நினைவிழக்கலாம். ஆழம்கூட வேண்டாம், ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றமே போதும். இதைக் கேட்டதும் மாமா ரெகுலேட்டரை வாங்கி வாயில் வைத்து, கரையிலேயே உட்கார்ந்து இழுத்து விட்டுப் பார்த்தார். நெடுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

புத்தகத்தில் எல்லாம் மீட்டரிலும் அடியிலும் இருக்கிறது. எங்கள் கரையில் ஆழத்துக்கு அளவு பாகம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், ஏறக்குறைய 6 அடி. கயிற்றை அப்படி அளந்து அளந்து விட்ட கைகளுக்கு 'பத்து மீட்டர்' என்பது வெறும் எண். 'ஐந்தரைப் பாகம்' என்றால் தோளுக்கே தெரியும். ஐந்தரைப் பாகம் இறங்கினால் கடல்மட்டத்துக் காற்றழுத்தம் இரட்டிக்கும், பதினொரு பாகத்தில் மூன்று மடங்காகும். இங்கிருந்து மற்றக் கணக்கெல்லாம் தானாக வரும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவருக்குக் கடல்மட்டத்தில் அது இரண்டு மணி நேரம். பதினொரு பாகத்தில் நாற்பதே நிமிடம். கடைசி 50 பாரைத் தொடக் கூடாது, ஆக அரை மணி நேரம்தான். சிப்பிப் பையில் கண் வைத்தவர்கள் இந்த அரை மணியை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். (பார் என்றால் எங்களுக்கு மீன் அடையும் கடலடிப் பாறைத்திட்டு. அதனால் படகில் 'எத்தனை பார்' என்று யாரையும் கேட்க விடுவதில்லை. 'கேஜில் எவ்வளவு' என்றுதான் கேட்க வேண்டும்.)

ஏறும் வேகமும் பாகத்தில் அழகாக அமைகிறது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்பது இன்றைய பயிற்சி விதி, அதாவது ஐந்து பாகம். அழுத்தத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திடீரென்று திறந்தாற்போல் குமிழியாகப் பொங்குவதைத் தடுக்கத்தான் இந்த நிதானம். 1870களில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அழுத்தக் காற்றறைக்குள் அடித்தளம் தோண்டிய தொழிலாளிகள் இந்த நோயில்தான் மூட்டுவலி கண்டு மடங்கினார்கள், சிலர் செத்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக ஏறுவதற்கான அட்டவணையை 1908இல் வெளியிட்டார். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கிற இன்றைய 'சேஃப்டி ஸ்டாப்'பும் அந்த நிதானத்தின் தொடர்ச்சிதான். அதை வீண் தாமதம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சைகைகளில் ஒன்றே ஒன்றைப் பற்றிச் சொன்னால் போதும். கட்டைவிரலைத் தூக்கினால் கரையில் 'அருமை' என்று அர்த்தம். தண்ணீருக்குள் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல விரல் தூக்கினால் துணைக்கு வந்தவர் ஏறத் தொடங்கிவிடுவார். நன்றாக இருப்பதற்குச் சைகை கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்த வட்டம். கரையிலேயே, பேச்சை நிறுத்திவிட்டுக் கையால் மட்டும் உரையாடச் சொல்லிப் பழக்குகிறேன்.

இதுவரை சொன்னது எங்கள் ஆட்கள் கற்றுக்கொள்ள வேண்டியது. பயிற்சிப் புத்தகங்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. 'கரண்ட்' என்று அவை ஒரே சொல்லில் கடந்துபோகிற நீரோட்டத்துக்கு இங்கே நீவாடு என்று பெயர். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது திரும்பும் என்பதைச் சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றோடு சேர்த்து வைத்துத்தான் பேசுவார்கள். பாரின் மேல் படகை நிறுத்த ஜிபிஎஸ் வந்துவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் கணிச்சம் பார்ப்பதை விடவில்லை. கரையில் ஒரு கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு மலைமுகட்டையும் நேராக்கி ஒரு கோடு, வேறு திசையில் இன்னொரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் பார். படகைவிட்டுத் தள்ளி மேலே வந்த ஆளுக்கு இது பேருதவி. தலையைத் தூக்கியதும் கோபுரம் மலையைவிட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்தால், நீவாடு தன்னை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் இழுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் இதைச் சொல்லாது.

ஆகவே இறங்கும் முன் எங்கள் படகில் பேச்சு இந்த வரிசையில்தான் நடக்கும்: நீவாடு எந்தப் பக்கம், கணிச்சம் எது, எத்தனை பாகம், கேஜில் எவ்வளவு மிஞ்சும்போது திரும்புவது, யாருக்கு யார் துணை. முதல் இரண்டையும் படகில் மூத்தவர் சொல்வார், மீதியை நான் சொல்வேன். இந்த வரிசையிலேயே, இந்தச் சொற்களிலேயே ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெகுலேட்டர் ரெகுலேட்டராகவே இருக்கட்டும், அதற்குப் புதுப்பெயர் தேடவில்லை. ஆழத்தை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பாகத்தில் போட்டிருக்கிறேன்.