இடைவெளியைத் திறந்தது யார்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 'மாணவ வீரர்' என்றொரு சொல் உண்டு. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. அது வந்த வழியைத் தேடிப் படித்தபோது எங்களுக்குச் சுருக்கென்றது. 1955இல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கை விரித்தது. கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லையாம். ஆடுகிறவர்களை ஊழியர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றே அந்தச் சொல்லை உருவாக்கியதாக, என்சிஏஏ அமைப்பை நடத்திய வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார். உழைப்புக்கு வேறு பெயர் சூட்டிக் கூலியைக் கழிப்பது நம் தெருக்களும் அறிந்த கதைதான், தோழர்களே.

2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்குப் பணம் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "பணக்காரக் கல்லூரி அந்த வரம்பைத் தொட்டுவிடும், சின்னக் கல்லூரி எங்கே போகும்? சம்பளம் வந்ததால்தானே இடைவெளி பெருகுகிறது?" அங்கேயும் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். சின்னக் கல்லூரி திணறும் என்பது உண்மை. காரணம் சம்பளம் என்பதை நாங்கள் ஏற்கவில்லை.

தேதிகளைப் பாருங்கள். தொலைக்காட்சி உரிமை மீதான என்சிஏஏயின் பிடியை உச்ச நீதிமன்றம் உடைத்தது 1984இல். பிறகு யாருக்குப் பார்வையாளர் அதிகமோ அவருக்கே காசு. 2022இல் பிக் டென் கூட்டமைப்பு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியோடு ஏழாண்டுக்கு 700 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம் போட்டது. 2023இல் நூறாண்டு வேர்கொண்ட பேக்-12 சிதறியது. பன்னிரண்டில் பத்துக் கல்லூரிகள் கிளம்பிவிட, ஒரெகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் நின்றன. மோசமாக ஆடியதாலா? இல்லை, இரண்டும் சின்ன ஊர்க் கல்லூரிகள், பெரிய தொலைக்காட்சிச் சந்தை கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் பிள்ளைகள் இப்போது நியூ ஜெர்சி அணியோடு ஒரே கூட்டமைப்பில். அன்று எந்தக் கல்லூரியும் வீரருக்கு நேரடிச் சம்பளம் தரவில்லை.

2026இல் தொடங்கும் பிளேஆஃப் ஒப்பந்தத்தில் பிக் டென், எஸ்இசி இரண்டுக்கும் தலா ஏறத்தாழ 29 விழுக்காடு. சிறிய கூட்டமைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 10 விழுக்காட்டுக்கும் குறைவு. 2023இல் டெக்சஸ் ஏ அண்டு எம் தன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பவே 7.5 கோடி டாலருக்கு மேல் தர நேர்ந்தது. வேலை செய்யாமல் இருப்பதற்கு! களத்தில் மோதி எலும்பு முறிகிறவர்களில் பெரும் பங்கு கறுப்பின இளைஞர்கள். பயிற்சியாளர், நிர்வாகி நாற்காலிகளில் பெரும்பாலும் வெள்ளையர்கள்.

2.05 கோடி என்ற வரம்பும் வீரர்கள் சங்கத்தோடு பேசி வந்ததல்ல, ஒரு வழக்கின் சமரசத்தில் வந்தது. 2014இல் நார்த்வெஸ்டர்ன் வீரர்கள் சங்கம் வைக்க வாக்களித்தார்கள். மறு ஆண்டு தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அந்த விவகாரத்தில் தலையிட மறுத்தது. அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை.