பாதிப் புட்டி மருந்து

குழந்தைகளின் உபாதைகளில் காதுவலிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. டாக்டர் வீடு திரும்பி, மருந்துக் கடைகள் கதவடைத்த பிறகே அது பெரும்பாலும் தலைகாட்டும். குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டதும் வீட்டில் எல்லோரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். பாட்டி எண்ணெய் காய்ச்சக் கிளம்புவாள். தாத்தா அலமாரியைத் திறந்து, முன்பு மீந்துபோன பாதிப் புட்டி மருந்தைத் தேடுவார்.

அந்தப் பாதிப் புட்டியைப் பற்றித்தான் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்றொரு சிற்றறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழல் செல்கிறது. பெரியவர்களுக்கு அது சரிந்து இறங்கும். குழந்தைகளுக்கோ குட்டையாய், ஏறக்குறையப் படுக்கையாய் அமைந்திருக்கும். ஆகையால் ஜலதோஷம் பிடித்தால் குழல் சுலபமாக அடைபட்டு, அறையில் நீர் தேங்கிக் கிருமிகள் பெருகுகின்றன. அவற்றில் முக்கியமானவை நிமோகாக்கஸும் ஹீமோபிலஸும். ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கிலும் இவை சாதாரணமாகக் குடியிருப்பவையே.

சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த வியாதிக்காக ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தாலும் அது மூக்கிலுள்ள இக்கிருமிகளையும் தாக்குகிறது. பல மடிகின்றன, தாங்கும் சக்தி பெற்ற சில பிழைத்துப் பெருகுகின்றன. நிமோகாக்கஸ், பென்சிலின் வந்து பற்றும் இடத்தையே உருமாற்றிக் கொள்கிறது. ஹீமோபிலஸோ மருந்தைச் சிதைக்கும் பொருளைச் சுரக்கிறது. பிறகு அவை ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குப் பரவுகின்றன. பாலர் பள்ளியில் அதற்குச் சிரமமே இல்லை. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நிகழ்த்திய நோபெல் பரிசு உரையிலேயே, குறைவான அளவில் மருந்துண்பது கிருமிகளைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார்.

அமெரிக்காவில் 2000-ல் நிமோகாக்கஸின் 7 வகைகளுக்கு எதிரான தடுப்பூசி வந்தது. அதில் அடங்காத 19ஏ என்ற வகை பின்னர் தலையெடுத்தது. ராச்செஸ்டர் நகரில் 9 குழந்தைகளின் காதில் காணப்பட்ட இவ்வகைக் கிருமி, குழந்தைகளின் காது நோய்க்கென அந்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்று 2007-ல் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். 2010-ல் வந்த 13 வகைத் தடுப்பூசியில் 19ஏ சேர்க்கப்பட்டது. நம் தேசத்திலும் நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடெங்கும் அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது.

சென்ற மழைக்காலத்தில் நம் வீட்டு நான்கு வயதுப் பேரனுக்கு ஒரு காதில் வலி. ஜுரம் அதிகமில்லை. டாக்டர் அம்மாள் காதைப் பரிசோதித்துவிட்டு, வலிக்கு மட்டும் மருந்தெழுதி, "இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம். அதிகமானால் உடனே அழைத்து வாருங்கள்" என்றார். "பீஸ் வாங்கிக்கொண்டு மருந்து எழுதாத டாக்டரும் உண்டா?" என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. அன்றிரவு குழந்தையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தோம். ஒவ்வொரு விசும்பலுக்கும் நம் கண் அலமாரிப் பக்கம் போயிற்று என்பது உண்மை. இரண்டாம் நாள் மாலை வலி தணிந்தது. மூன்றாம் நாள் தம்பியின் பொம்மையைப் பறித்துச் சண்டை போட்டான். வீட்டில் அனைவருக்கும் பரம திருப்தி!

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. கைக்குழந்தைக்கும், கடும் ஜுரமுள்ளவனுக்கும், காதில் சீழ் வடிபவனுக்கும், காதின் பின்புறம் வீங்கியவனுக்கும் தாமதம் ஆபத்தானது. உடனே டாக்டரிடம் போகவேண்டும். காத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிப்பவர் காதைப் பார்த்த டாக்டரே. அலமாரியைப் பார்த்த தாத்தா அல்ல. மருந்து எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன அளவிலும் நாட்களிலும் தவறாமல் கொடுக்கவேண்டும். தண்ணீர் கலந்த மருந்து ஒன்றிரண்டு வாரத்துக்குமேல் நம்பத் தக்கதன்று. மிச்சத்தைச் சேமிப்பது சிக்கனமாகாது.

ஊர்ப் பொதுக் குளத்தில் ஒருவர் அழுக்கைக் கலந்தால் குடிப்பவர் எல்லோருக்கும் தீங்கு. இம்மருந்துகளும் அத்தகைய பொதுச் சொத்தே. நாம் அநாவசியமாகக் கொடுக்கும் ஒவ்வொரு கரண்டியும், முகமறியாத ஒரு தாயின் குழந்தைக்கு நாளை வேண்டிய மருந்தின் வலிமையைக் குறைக்கிறது. அந்தத் தாயை நினைத்தேனும் அலமாரியைக் காலி செய்வோமாக.