திருப்பத்தில் எழும் ஒலி

நேர்ச்சாலையில் ஓசையில்லை, ஒடித்துத் திருப்பினால் மட்டும் ‘டக், டக்’. எங்கள் பழைய மாருதி 800 சில நாட்களாக இப்படி ஒலித்தது. வாரம் இருமுறை தாயாரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் வண்டி. நடுவழியில் நின்றுவிடலாகாது.

பட்டறைக்காரர் ஒருவர் சக்கர பேரிங்கை மாற்றச் சொன்னார். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. பேரிங் தேய்ந்தால் நேராக ஓடும்போதும் உறுமுமன்றோ! ஆளில்லா மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெல்ல வட்டமடித்தோம். இடப்புறம் திரும்புகையில் வலச்சக்கரத்தருகே ஒலி வலுத்தது.

இன்ஜின் விசையை முன்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ஆக்சிலின் வெளிமுனையில், சக்கரம் திரும்பினாலும் சீராகச் சுழலும் இணைப்பு ஒன்று உண்டு. சி.வி. ஜாயின்ட் என்பர். ஆறு எஃகுக் குண்டுகள் அதனுள் கிரீஸில் உருள்கின்றன. அதை மூடிய ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மணலும் நீரும் புகுந்து குண்டுகளின் தடங்களை அரித்துவிடும். குனிந்து பார்த்தோம். உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெங்கும் கரிய கிரீஸ் தெறித்திருந்தது.

ஒலி எழாத நிலையில் உறையும் கிரீஸும் மாற்றினால் பெரும்பாலும் போதும்; எழுந்தபின் ஜாயின்ட்டையே மாற்றவேண்டும். அவ்வாறே மாற்றினோம். கழற்றியதைப் பிரித்தபோது, வழவழப்பாக இருக்கவேண்டிய தடத்தில் நகம் இடறுமளவு குழிகள். தாயார் ஒரு குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, “இதுவா என்னை இத்தனை நாள் சுமந்தது?” என்றார்.