ரைன் ஆற்றுக்குச் சால்மனை மீட்போர்

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடுத்திருந்த சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு தீப்பற்றியபோது, தீயணைக்கப் பாய்ச்சிய நீரோடு பூச்சிக்கொல்லிகளும் பாதரசச் சேர்மங்களும் ரைன் ஆற்றில் கலந்தன. சாயத்தால் சிவந்து ஓடிய அந்நீர் பட்டு, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவுக்கு விலாங்கு மீன்கள் பெருந்திரளாக மடிந்தன.

அடுத்த ஆண்டு கரையோர நாடுகள் ஏற்ற ரைன் செயல்திட்டம், 2000ஆம் ஆண்டுக்குள் சால்மனை ஆற்றுக்குத் திரும்பச் செய்வதை இலக்காகக் கொண்டது. மடிந்தது விலாங்கு, மீட்கப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டதோ, அணைகளாலும் கழிவுகளாலும் 1950களிலேயே அற்றுப்போயிருந்த மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஓடைகளுக்கு ஏறிவரும் சால்மனுக்குத் தூய நீர், தடையற்ற வழி, சரளைப் படுகை ஆகிய மூன்றும் ஒருங்கே தேவைப்படுவதால், அதன் வருகை ஆறு முழுமைக்குமான நலத்தின் சான்றாகக் கருதப்பட்டது.

உள்ளூர் இனம் அழிந்துவிட்டமையால், பிரான்சின் அல்லியே போன்ற பிற ஆறுகளின் சால்மன் வழித்தோன்றல்களைக் கொண்டே பொரிப்பகங்களில் வேலை நடைபெறுகிறது. இலையுதிர்காலம் முடியும் தறுவாயில், சினைமீனின் வயிற்றைத் தடவி முட்டை முற்றியதை விரல்களாலேயே அறியும் பணியாளர்கள், அதனை மயக்கமருந்து கலந்த நீரில் இட்டு, ஈரம் துடைத்து, வயிற்றை வால்பக்கமாக மெல்ல நீவி, உலர்ந்த பாத்திரத்தில் முட்டைகளை எடுக்கின்றனர். ஆண்மீனின் விந்து அவற்றோடு கலக்கப்பட்ட பின்னரே நீர் சேர்க்கப்படுகிறது. நீர் பட்டதும் விந்தணுக்கள் ஒரு நிமிடத்திற்குள் ஓய்ந்துவிடுவதோடு முட்டையின் நுண்துளையும் விரைவில் மூடிக்கொள்ளும் என்பதே, உலர்முறைக் கருவூட்டல் எனப்படும் இந்த ஒழுங்கிற்குக் காரணமாகும்.

கருவுற்ற முட்டைகள் ஓடுநீர்த் தட்டுகளில் வைக்கப்பட்டபின், இறந்து வெண்மையான முட்டைகளை நாள்தோறும் பொறுக்கி அகற்றுவதும், நாளின் சராசரி வெப்பநிலைகளைக் கூட்டிப் பொரியும் காலத்தைக் கணிப்பதும் பணியாளர் கடமைகளாகின்றன. கூட்டுத்தொகை ஏறத்தாழ 500 பாகையை எட்டும்போது குஞ்சு பொரிப்பதால், 5 பாகை செல்சியஸ் நீரில் அதற்கு 100 நாள்கள் ஆகும். குஞ்சுகள் தத்தம் இடத்தைப் போட்டியிட்டுக் காப்பவை ஆதலால், அவற்றை ஓரிடத்தில் கொட்டாமல், ஆழமற்ற சரளை ஓடைகளில் நடந்துசென்று சிறிது சிறிதாகப் பரப்பி விடுகின்றனர். அவ்வோடையின் மணம் இளமையில் மனத்தில் பதிந்தால்தான் வளர்ந்த மீன் அதே இடத்திற்குத் திரும்பும்.

1990இல் சீக் துணையாற்றில் சால்மன் மீண்டும் காணப்பட்டது. அணைகளைக் கடக்கப் படிப்படியாக ஏறும் நீர்த்தொட்டிகளாலான மீன்வழிகள் இஃபெட்ஸைமில் 2000இலும் காம்ப்ஸைமில் 2006இலும் திறக்கப்பட்டன. எனினும் குஞ்சு விடுதல் இன்னும் நிறுத்தப்படவில்லை. 1986இல் நஞ்சு ஆற்றின் வழியே பரவச் சில நாள்களே பிடித்தன; மீட்பு வேலையோ இன்றும் தொடர்கிறது. ஆற்றில் பிறந்த மீன்களே தம் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும் வரை பொரிப்பகத்தின் வேலை முடிவடைவதில்லை என்பதால், இப்பணியாளர்களின் வெற்றியை அவர்கள் விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அன்றி, அவர்கள் தேவைப்படாத நிலையைக் கொண்டே அளக்க வேண்டியுள்ளது.